கடலோரத்தில் பனிப்புயல்: ஈரப்பனியையும் ஓதத்தையும் ஒருசேரச் சமாளிப்பது எப்படி

உள்நாட்டில் பனிப்புயல் வந்தால் பனியைப் பார்த்தால் போதும். கடலோரத்தில் அதே புயல் காலையில் பனியாகக் கொட்டும், மதியம் மழையாகும், மாலையில் கடலைத் தெருவுக்குள் கொண்டு வரும். இரவு இவை எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக உறைந்துவிடும். பொதுவான குளிர்கால ஆலோசனைகளை இங்கே அப்படியே கடைப்பிடித்தால் பாதி வேலை நேரம் தவறித்தான் நடக்கும். கடலோரத்தில் இருப்பவர் ஒரு தாளில் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வெப்பநிலை 0 டிகிரியைத் தாண்டி ஏறும் நேரமும் இறங்கும் நேரமும். மற்றொன்று, அடுத்த இரண்டு நாளுக்கான உயர் ஓதம், அதாவது கடல் ஏறி நிற்கும் நேரம். மற்ற வேலைகளை எல்லாம் இந்தத் தாளை வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

முன்னறிவிப்பில் எதைத் தேடுவது

'20 செ.மீ. பனி' என்ற எண்ணைவிடக் காற்றின் திசை முக்கியம். குளிர்காலத்தில் கடல் நிலத்தைவிட மெதுவாகத்தான் குளிரும். காற்று கடலிலிருந்து வீசினால் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும், விழும் பனி ஈரமும் கனமுமாக இருக்கும், எந்த நேரமும் மழையாக மாறலாம். நிலத்திலிருந்து வீசினால் பனி மாவு போல லேசாக விழும். கரையில் வெறும் சகதியாக, அதாவது பாதி உருகிய பனியாக இருக்கும்போது சில கிலோமீட்டர் உள்ளே முழங்கால் அளவு பனி கிடப்பது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான கரைகளும் உண்டு. உறைகுளிர்க் காற்று ஒரு கடலை முழுக்கக் கடந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு எதிர்க்கரையில் இறக்கும். ஜப்பானின் மேற்குக் கரையில் விழும் பெரும்பனி அந்த வகை. அது குறுகிய பட்டைகளாக விழும். பக்கத்து ஊர் வெயிலில் இருக்க, இங்கே மணிக்கணக்கில் கொட்டும். அப்படிப்பட்ட கரையில் நாளைய முன்னறிவிப்பைவிட இப்போதைய ரேடார் படத்துக்கு மதிப்பு அதிகம்.

வட கோளத்தின் கிழக்குக் கரைகளில் புயலின் மையம் கடல் வழியே கடந்து போனால், காற்று வடகிழக்கிலிருந்து தொடங்கி, மையம் தாண்டியதும் வடமேற்குக்குத் திரும்பும். திரும்பும் அந்த நேரத்தைத் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சில மணி நேரத்தில் வெப்பநிலை சரிந்து, மிச்சம் கிடக்கும் சகதி கல்லாகிவிடும்.

'பிளிஸார்ட்' எச்சரிக்கையைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அமெரிக்க வானிலைச் சேவையின் வரையறைப்படி, காற்று மணிக்கு 56 கி.மீ. வேகத்தைத் தொட்டு, பனியால் பார்வைத் தூரம் 400 மீட்டருக்குக் கீழே போய், இரண்டும் 3 மணி நேரம் நீடித்தால் அது பிளிஸார்ட். எவ்வளவு பனி விழும் என்பது அந்த வரையறையில் இல்லவே இல்லை. கொஞ்சம் பனிதானே என்று வண்டியை எடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஓதக் கணக்கு

ஓத அட்டவணையில் இருப்பது நிலவும் சூரியனும் இழுப்பதால் வரும் மட்டம் மட்டுமே. புயல் அதன் மேல் கூடுதலாகச் சேர்க்கும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். சாதாரண அழுத்தமான 1013-லிருந்து 973-க்கு இறங்கினால் அதனால் மட்டும் 40 செ.மீ. அதற்கு மேல், கரையை நோக்கித் தள்ளும் காற்றும் அலையும் சேர்க்கும் உயரம் பெரும்பாலும் இதைவிட அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம். புயல் வேகமாக நகர்ந்தால் ஓர் ஓதத்தோடு தப்பிக்கலாம். நின்று அடித்தால் இரண்டு மூன்று ஓதங்கள் அடுத்தடுத்து ஏறும், முதல் நீர் வடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். 1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை அடித்த பனிப்புயலில் வீடுகள் சிதைந்தது இப்படித்தான். அமாவாசை ஓதமும், பல ஓதங்களுக்கு நீடித்த காற்றும் சேர்ந்துகொண்டன. 2018 ஜனவரி 4 அன்று அதே கரையில் உள்ள பாஸ்டன் நகரில் ஓத மட்டம் அந்த 1978 அளவைத் தொட்டு மீறியது. பின்னால் வந்த கடுங்குளிரில், அந்தக் கரையோரத்தில் கடல்நீர் புகுந்த இடங்களில் கார்கள் பனிக்கட்டிக்குள் சிக்கி நின்றன.

புயலுக்கு முந்தைய நாள் தாழ் ஓத நேரத்தில் தெருவில் உள்ள வடிகால் வாய்களைத் தேடி, சருகையும் பனியையும் அகற்றுங்கள். வாயைச் சுற்றி ஒரு மீட்டர் திறந்திருக்கட்டும். வடிகாலின் மறுமுனை கடலில் திறப்பதால், ஓதம் ஏறியிருக்கும்போது அங்கே நீர் வடியாது, சில இடங்களில் எதிர்த்தும் வரும். நீர் இறங்கக் கிடைப்பது தாழ் ஓத இடைவெளி மட்டுமே. அந்த நேரத்தில் வாய் அடைத்திருந்தால் சகதி தேங்கி, குளிர் திரும்பியதும் தெரு முழுக்கக் கண்ணாடிப் பாளமாகிவிடும்.

வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருந்தால், அதன் வெளிக்குழாய் முனை பனியில் புதைந்தோ உறைந்தோ கிடக்கிறதா என்று பாருங்கள். முனை அடைத்துக்கொண்டால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் வெளியே போகாது.

குழாய்கள்

வெள்ளத்துக்காகத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடுகள் கடலோரத்தில் நிறைய. அவற்றின் தண்ணீர்க் குழாய் தரையிலிருந்து ஏறி, திறந்த வெளியில் காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது. முதலில் உறைவது அந்தத் துண்டுதான். சரியாகப் பொதியாத குழாய்களுக்கு வெளியே மைனஸ் 7 டிகிரி என்றாலே ஆபத்து தொடங்குகிறது. காற்றடித்தால் வெப்பம் சீக்கிரம் போய்விடும். ஆனால் 'காற்றோடு சேர்ந்து உணரும் குளிர்' என்று சொல்லப்படும் எண் குழாய்க்குப் பொருந்தாது. வெளியே 2 டிகிரி இருக்கும் வரை எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் உறையாது.

செய்ய வேண்டியது: தோட்டக் குழாய்க்குப் போகும் உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து விட்டுவிடுங்கள். திறந்த வெளியில் இருக்கும் குழாய்த் துண்டுக்கு நுரைப் பொதியைச் சுற்றி, இணைப்புகளில் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி, ஒருமுறை திருகிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு தேவைப்படும் அன்று அசையாது.

இரவில் குழாயைச் சொட்ட விடச் சொல்வார்கள். காரணம் தெரிந்தால் சரியாகச் செய்யலாம். குழாயை வெடிக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே உறைந்த பனிக்கட்டி நேரடியாகப் பக்கவாட்டில் தள்ளுவது என்று நினைக்கிறோம். உண்மையில் கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் கட்டி ஓரிடத்தில் இருக்க, வெடிப்பு வேறிடத்தில் இருக்கும். குழாய் வாய் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். ஆகவே, உறையக்கூடிய குழாயின் கடைசியில் இருக்கும் வாயைத்தான் திறக்க வேண்டும், சமையலறையில் ஏதோ ஒன்றை அல்ல. உறைந்துவிட்டால் அந்த வாயைத் திறந்து வைத்து, வாய்ப் பக்கமிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். தீச்சுடர் வேண்டாம்.

பனியை எடைபோடுங்கள்

உயரத்தை அளப்பதால் பயன் குறைவு. ஒரு செ.மீ. மழைக்கான நீர் சுமார் 10 செ.மீ. பனியாகும் என்பது பொதுக் கணக்கு. கடலோர ஈரப்பனியில் அது 5 செ.மீ. ஆகச் சுருங்கும், உலர்பனியில் 20-க்கும் போகும். 15 செ.மீ. என்பது துடைப்பத்தால் தள்ளக்கூடியதாகவும் இருக்கலாம், கூரையை வளைப்பதாகவும் இருக்கலாம்.

எடையறிய ஒரு தகர டப்பா போதும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேர்ச்சுவர் டப்பாவாக இருக்க வேண்டும். அடி குறுகும் டம்ளர் தப்புக் கணக்குத் தரும். காற்று குவிக்காத சமதளத்தில் டப்பாவைக் கவிழ்த்து, பனிக்குள் தரைவரை அழுத்துங்கள். பனி டப்பாவைவிட உயரமாக இருந்தால் இரண்டு அடுக்காக எடுங்கள். அடியில் தட்டையான தகடு ஒன்றைச் செருகி அப்படியே தூக்கி, உள்ளே கொண்டுபோய் உருக விட்டு, நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கவும். ஒவ்வொரு செ.மீ. நீருக்கும் ஒரு சதுர மீட்டரில் 10 கிலோ. 4 செ.மீ. நின்றால் சதுர மீட்டருக்கு 40 கிலோ. 3 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளமுள்ள வண்டிப் பாதையில் 1,200 கிலோ கிடக்கிறது என்று பொருள். பனி அள்ளும் ஷவலில் ஒரு தடவைக்கு 8 கிலோ என்றால் 150 தடவை தூக்க வேண்டும். இந்த எண் தெரிந்த பிறகு பலரும் ஆள் துணைக்குக் கூப்பிடுவார்கள், அது நல்லதுதான்.

பனி மேல் மழை பெய்தால் பனி கரைந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது பெரிய தவறு. பனிப் படலம் பஞ்சு போல மழையைக் குடித்து, உயரம் குறைந்து எடை கூடும். தட்டைக் கூரை, முன்வாசல் தாழ்வாரம், வண்டிக் கொட்டகை மூன்றும்தான் முதலில் விழுபவை. கதவுகள் திடீரென இறுகுவது, மேல்தளத்தில் புது விரிசல், முனகல் சத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள். கூரைப் பனியை நீளக் கைப்பிடி வாரியால் தரையில் நின்றபடி இழுங்கள், ஏணி வைத்து ஏறாதீர்கள். முழுக்கச் சுரண்டாமல் 5 செ.மீ. விட்டுவிட்டால் ஓடு தப்பும். மின்கம்பி வீட்டுக்கு வரும் பக்கத்தில் உலோகக் கைப்பிடியோடு நெருங்கவே வேண்டாம்.

அள்ளும் முறை

மாவுப் பனியாக இருந்தால் புயல் முடியும்வரை காத்திருக்கலாம். ஈரப்பனிக்குக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒருமுறை தள்ளிவிடுங்கள். காற்று திரும்பும் நேரம் தாளில் இருக்கிறதல்லவா, அதற்கு முன் சகதி முழுவதும் தரை தெரியும் அளவுக்குப் போயிருக்க வேண்டும். அன்றைய தினத்தின் மிக முக்கியமான அரைமணி நேரம் அது. அப்போது ஒரு தள்ளில் போகும் சகதியை, மறுநாள் கடப்பாரை கொண்டு உடைக்க வேண்டியிருக்கும்.

முடிந்தவரை தள்ளுங்கள், தூக்காதீர்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஷவலை பாதி மட்டும் நிரப்பி, முழங்காலை மடக்கி, உடம்போடு சேர்த்துத் திருப்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கித் தோளுக்கு மேல் வீசுவது முதுகைப் பிடித்துவிடும். குளிர் இதய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், கையால் தூக்கும் வேலை ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் ஷவலைப் போட்டுவிட்டு அவசர உதவியை அழையுங்கள்.

பனி வாரும் வண்டி வந்து வாசலை மறுபடி அடைப்பது எல்லோருக்கும் உள்ள எரிச்சல். சாலையைப் பார்த்து நின்று, உங்கள் பக்கத்தில் வண்டிகள் எங்கிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கம், வாசலுக்கு முன்னாலேயே சாலையோரத்தில் 3 மீட்டர் நீளத்துக்குக் காலி இடம் செய்யுங்கள். வாரும் வண்டி சுமந்து வருவதை அந்தக் குழிவில் இறக்கிவிட்டு, உங்கள் வாசலைக் காலியாகக் கடக்கும். நீங்கள் அள்ளுவதை வாசலின் மறுபக்கத்தில் குவியுங்கள்.

பனி ஊதும் இயந்திரம் ஈரப்பனியில் அடைக்கும். இன்ஜினை நிறுத்தி, சுழற்சி நின்றதை உறுதி செய்து, குச்சியால் மட்டும் அடைப்பை எடுங்கள். நிறுத்திய பிறகும் இயந்திரத்தின் பெல்ட்டில் இழுவிசை தங்கியிருக்கும். அடைப்பு விலகியதும் கத்தி ஒரு துள்ளு துள்ளும், விரல் போவது அந்தக் கணத்தில்தான்.

உப்பு

சாதாரணப் பாறை உப்பு, தரை வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி வரை வேலை செய்யும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு, மைனஸ் 29 வரை. பனி விழும் முன்போ, அள்ளி முடித்த பிறகோ தூவலாம். 20 செ.மீ. பனி மேல் தூவுவது வீண். மணிகளுக்கு இடையே 7, 8 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும்.

கடல்நீர் உப்பாயிற்றே, அதையே ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம்தான், மைனஸ் 1.8 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஊற்றினால் பாளம்தான் தடிக்கும். வழுக்காமல் இருக்க மணல் போடுவதானால் உலர்ந்த, சொரசொரப்பான மணல் வேண்டும். கடற்கரை மணல் உருண்டு மென்மையாக இருப்பதால் பிடிப்புக் குறைவு, ஈரத்தில் கட்டியாகும். மணல்மேட்டைத் தோண்டினால் அடுத்த ஓதத்துக்கு இருந்த தடுப்பையும் இழப்பீர்கள்.

மின்சாரமும் புகையும்

ஈரப்பனி கம்பியைச் சுற்றி உறை போல ஒட்டும். கடல் தூறலின் உப்பு மின்கம்பக் காப்பான்களில் படிந்து நனைந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்து பொறி பறக்கும். ஆகவே கடலோரத்தில் மின்தடை நீளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வீதம் மூன்று நாளுக்குப் பிடித்து வையுங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை வாய் வீட்டுக்கு எதிர்த்திசையில், ஓதம் எட்டாத மேட்டில் இருக்க வேண்டும். கதவு திறந்த கராஜும் வெளியிடம் ஆகாது. அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு ஓட்டாதீர்கள். மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் போய் லைன்மேனைக் கொல்லும். வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இல்லையென்றால் சாதனங்களை நேராக ஜெனரேட்டரில் மாட்டுங்கள்.

பலர் மறப்பது பக்கச் சுவரில் உள்ள ஹீட்டர் புகைக்குழாய். காற்று குவிக்கும் பனி அதைச் சத்தமில்லாமல் மூடும். புயலின்போது சில மணிக்கொருமுறை போய் அதைச் சுற்றித் தோண்டி விடுங்கள். புகையில் வரும் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும், பேட்டரியில் ஓடும் அலாரம் படுக்கையறைக்கு அருகே இருக்கட்டும். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் முதலில் வெளியே வாருங்கள், காரணம் பிறகு தேடலாம்.

காரில் சிக்கினாலும் இதே விஷயம்தான். 1978 புயலில் பாஸ்டனைச் சுற்றிய 128ஆம் நெடுஞ்சாலையில் சிக்கியவர்களில் சிலர் இறந்தது இந்த வாயுவால். முதலில் புகைக்குழாய் வாயைத் தோண்டித் திறந்துவிட்டு, மணிக்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, காற்றடிக்காத பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். சகதி மிதக்கும் நீரில் வண்டியை விடாதீர்கள். ஆழம் தெரியாது, 30 செ.மீ. நீரே பல கார்களைத் தூக்கிவிடும்.

படகு

கட்டியிருக்கும் படகு அலையால் மட்டும் மூழ்குவதில்லை. தளத்தில் சேரும் ஈரப்பனி படகை இறக்க, நீர்மட்டத்துக்கு மேலே இருந்த வடிதுளைகள் கீழே போய்க் கடல்நீர் உள்ளே வரும். புயலுக்கு முன் படகின் அடியில் கடல்நீர் வரும் வழிகளின் வால்வுகளை மூடுங்கள், ஆனால் தளநீர் வடியும் துளைகளைத் திறந்தே விடுங்கள், ஓத இடைவெளியில் பனியை வாரிவிடுங்கள். கயிறுகளுக்கு, எதிர்பார்க்கும் கூடுதல் மட்டத்தையும் சேர்த்துத் தளர்ச்சி கொடுங்கள். உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டைச் செருகுங்கள். மிதவைத் துறை என்றால் தூண்களின் உயரத்தை அளந்து பாருங்கள், ஓதம் அதைத் தாண்டினால் துறையே கழன்று போகும். உறையாமல் காக்க இன்ஜினில் ஊற்றும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தில் மிச்ச நீர் கலந்தால் அதன் வலு குறையும். முதலில் முழுக்க வடித்துவிட்டு, வெளியே வரும் திரவம் அடர்நிறமாகும் வரை ஊற்றுங்கள்.

நனைந்த உடம்பு

0 டிகிரியில் மணிக்கு 60 கி.மீ. காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 9 போல இருக்கும். நனைந்திருந்தால் இன்னும் மோசம். பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது. கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, நீர் புகாத மேலுடை வெளியே. இரண்டு ஜோடிக் கையுறை வைத்து மாற்றி மாற்றி உலர்த்துங்கள். நடுங்கியவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் உடல் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். உதவியை அழைத்துவிட்டு, ஈர உடையைக் கழற்றி, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், மதுவும் வேண்டாம். மரத்து வெளுத்த விரல்களை 37 முதல் 39 டிகிரி நீரில் வையுங்கள், மறுபடி உறைய வாய்ப்பில்லை என்றால் மட்டும்.

கடல்நீர் வீட்டுக்குள் வந்திருந்தால்

நீரில் நின்றபடி மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். உப்புநீர் நல்ல மின்கடத்தி. நனைந்த சுவிட்சும் ஹீட்டர் பலகையும் உலர்ந்த பிறகும் உப்பு தங்கி அரிக்கும், அவற்றைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். கிணற்றில் கடல்நீர் இறங்கியிருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை, உப்பு போகாது. கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் காரை வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், நாட்கள் கழித்தும் அதன் பேட்டரி தீப்பிடிக்கலாம். மற்ற வண்டிகளின் அடிப்பகுதியை வெப்பநிலை 0-க்கு மேலே ஏறும் முதல் நாளில் நல்ல நீரால் கழுவி, பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டு உலர்த்துங்கள். இரவில் உறையும் என்றால் மதியத்துக்கு முன்பே கழுவி முடிக்க வேண்டும்.